அங்குலத்துக்கு எட்டுத் தையல்

ஆம்பூரில் என் வேலை குறை கண்டுபிடிப்பது.
கன்வேயரில் வரும் இடது காலையும் வலது காலையும்
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன்.
அங்குலத்துக்கு எட்டுத் தையல் இருக்க வேண்டும்.
ஏழென்றால் சிவப்பு ஸ்டிக்கர்.
எட்டென்றால் ஷூ நாக்குக்கு அடியில்
என் எண் பதினேழைக் குத்துவேன்.
ஹாம்பர்க்கில் எவளோ ஒருத்தி நடக்கையில்
அது வாய் பிளந்தால்
அந்தப் பதினேழு திரும்பி வரும்,
மேனேஜர் மேஜை வழியாக, என்னைத் தேடி.
இரண்டு முறை வந்திருக்கிறது.
ஒருமுறை ஒருநாள் கூலி போனது.

இப்படிப்பட்டவள்தான்
நாற்பத்திரண்டாயிரம் கட்டி
போனிலேயே பி.காம் முடித்தேன்.
செயினைக் கூட்டுறவு வங்கியில் வைத்த பணம்.
ஷிப்ட் முடிந்து, பிள்ளை தூங்கி,
பதினொன்றரைக்கு மேல் வீடியோ.
வாத்தியார் அடிக்கடி உறைந்து நிற்பார்
கண் பாதி மூடி.
பரீட்சையில் நூற்றுக்கு நூறு.
எல்லாருக்குமே நூற்றுக்கு நூறு என்று
வாட்ஸ்அப் குழுவில் பிறகு தெரிந்தது.
அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கூரியரில் வந்தது பட்டம்.
தங்க ஓரம். சாய்த்தால் மின்னும் வட்டம்.
புத்தகத்தின்மேல் ஒரு கழுகு.
கௌசர் பேகம் என்ற என் பெயரைச்
சுழித்துச் சுழித்து எழுதியிருந்தார்கள்.
கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றார் வீட்டுக்காரர்.
வேலை கிடைக்கட்டும் என்றேன்.
செயின் இருக்கும் அதே வங்கியில்
எழுத்தராக உட்காரும் வேலை.

சத்துவாச்சாரியில் சான்றிதழ் சரிபார்ப்பு.
வேலூருக்கென்றே தனியாகக் காய்ச்சிய வெயில்.
வரிசையில் நூற்றுப் பன்னிரண்டாவது ஆள்.
மேஜைக்குப் பின்னாலிருந்த அம்மாள்
பட்டத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.
கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்து
கல்லூரிப் பெயரைத் தட்டினார்.
இன்னொரு முறை, எழுத்துக் கூட்டி.
பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.
"இல்லைம்மா."
அவ்வளவுதான்.
திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"அங்கீகாரம் இருக்கு மேடம், கீழே பாருங்க."
கழுகின் காலடியில் சின்ன எழுத்தைக் காட்டினேன்:
உலகத் தரக் கல்விப் பேரவை.
"அந்தப் பேரவைக்கு யாரும்மா அங்கீகாரம்?"

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் நின்று
பேரவையின் எண்ணுக்குப் போட்டேன்.
எடுத்த குரலை எனக்குத் தெரியும்.
மூன்று வருடம் முன் என்னைச் சேர்த்துவிட்ட
அதே "சொல்லுங்க சிஸ்டர்".
பின்னால் அதே சேவல்.
கல்லூரியும் அதைச் சோதித்தவர்களும்
ஒரே வீட்டில், ஒரே கோழிக்கூண்டோடு
குடியிருந்திருக்கிறார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார்.

எங்கள் ஆலையில் தைப்பவள் கையில்
முத்திரையைக் கொடுக்க மாட்டார்கள்.
செல்லாத்தா தைப்பாள், நான் பார்ப்பேன்,
என்னைச் சென்னையிலிருந்து ஒருவன் வந்து பார்ப்பான்,
அவனை வேறு யாரோ.
டீ நேரத்தில் அவர்களைத் திட்டாத நாளில்லை.
ஆனாலும் ஷூ கிழிந்தால்
போய்க் கேட்க ஓர் ஆள் உண்டு.
என் மூன்று வருடத்தின் நாக்குக்கு அடியில்
தடவித் தடவிப் பார்க்கிறேன்
யாருடைய எண்ணும் இல்லை.

படித்ததெல்லாம் பொய்யா என்றால் அதுவும் இல்லை.
பற்று எது வரவு எது என்று தெரியும் எனக்கு.
தெரிவதால்தான் வலிக்கிறது.

திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்.
கண்ணாடியில் ஒட்டியிருந்தது:
ஒரே ஆண்டில் பட்டம், வீட்டிலிருந்தே.
நகத்தால் சுரண்டினேன். ஓரம் மட்டும் வந்தது.

போனில் மானியக் குழுவின் பட்டியலைத் திறந்தேன்.
கல்லூரிப் பெயர் இருந்தால் போதாதாம்.
அந்தப் பாடம் இருக்க வேண்டும்,
அஞ்சலில் அல்ல, இணைய வழியில் என்று இருக்க வேண்டும்,
போன வருடமல்ல, இந்த வருடத்துக்கு இருக்க வேண்டும்.
பள்ளிகொண்டா போனதே தெரியவில்லை.
விரல் வைத்துத் தையலெண்ணும் அதே கண்ணோடு
ஒவ்வொரு வரியாக இறங்கினேன்.
மாதனூர் தாண்டும்போது சார்ஜ் போய்விட்டது.
அதுவரை
மூன்று பேர்தான் தேறியிருந்தார்கள்.